மூக்கடைப்புக்கு ஆவியா, உப்புநீரா? கண்ணில் எதையாவது விடலாமா?

சைனஸுக்கும் கண்ணுக்கும் நம் வீடுகளில் சொல்லப்படும் வைத்தியங்களை எழுத உட்கார்ந்தால் ஒரு நோட்டு போதாது. நொச்சி இலை போட்டு ஆவி, விரலி மஞ்சள் சுட்ட புகை, சுக்குப் பற்று, நீர்க்கோவை மாத்திரை, உப்புநீரால் மூக்கைக் கழுவும் ஜலநேத்தி. கண் என்றால் தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், பன்னீர், நந்தியாவட்டைப் பூ. எல்லாவற்றையும் ‘இயற்கை மருத்துவம்’ என்று ஒரே கூடையில் போட்டுவிட்டு, நல்லதா கெட்டதா என்று சண்டை போடுகிறோம். நான் வேறு இரண்டு கேள்விகளை வைத்துத்தான் இவற்றை ஒப்பிடுவேன். இது உடம்பில் எங்கே படுகிறது? பலிக்காவிட்டால் எதை இழப்போம்?

மூக்கின் உள்சவ்வு அடி வாங்கிப் பழகியது. நாள் முழுக்கத் தூசும் புகையும் அதன் மேல்தான் படிகின்றன. ரத்த ஓட்டம் நிறைய உண்டு, சளி சுரந்து தன்னைத்தானே கழுவிக்கொள்ளும், புண்பட்டாலும் சில நாளில் ஆறிவிடும். கருவிழி அப்படியில்லை. அரை மில்லிமீட்டர்தான் கனம். ரத்தக் குழாயே கிடையாது, அதனால்தான் கண்ணாடி போல ஒளியை உள்ளே விடுகிறது. அங்கே புண் வந்து ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். தழும்பு நடுவில் விழுந்தால் பார்வை போயிற்று. ஆகவே மூக்குக்குக் கொடுக்கிற சலுகையைக் கண்ணுக்குக் கொடுக்க முடியாது. கீழே சொல்லப்போவது எல்லாம் இந்த வித்தியாசத்திலிருந்து வருவதுதான்.

முதலில் மூக்கு

‘தலையில் நீர் கோத்துக்கொண்டது’ என்று நாம் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கன்னத்தின் உள்ளேயும், நெற்றிக்குப் பின்னாலும், இரு கண்களுக்கு இடையிலும் சைனஸ் என்னும் காற்றறைகள் இருக்கின்றன. சளிப் பிடித்தால் அவற்றின் வாசல் வீங்கி அடைபடுகிறது. உள்ளே சுரப்பது வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. குனிந்தால் முகம் கனக்கும், மேல்வரிசைப் பல் வலிக்கிற மாதிரி இருக்கும், குரல் மாறும்.

இதில் பெரும்பாலானவை ஜலதோஷத்தோடு வரும் வைரஸ் தொல்லை. ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே அடங்கிவிடும். ஒவ்வொரு கைவைத்தியத்துக்கும் சாட்சி சொல்ல ஆள் கிடைப்பது இதனால்தான். ஐந்தாம் நாள் எதைச் செய்தாலும் ஏழாம் நாள் சரியாகத்தான் போகிறது. அதனால் ‘எனக்குக் கேட்டது’ என்பதை மட்டும் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அந்தப் பத்து நாளைக் கடக்க எது அதிக சுகம் தருகிறது, எது குறைந்த ஆபத்து வைக்கிறது என்று பாருங்கள்.

ஆவி பிடிப்பதுதான் எல்லார் வீட்டிலும் முதலில் வரும். சூடான ஈரக்காற்று மூக்கில் ஏறும்போது இதமாக இருக்கிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த இதம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் விஷயம். 2016ல் இங்கிலாந்தில் 871 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு வெளியானது. எல்லாரும் அடிக்கடி சைனஸ் தொல்லை வருகிறவர்கள். சிலரிடம் ஆவி பிடிக்கவும், சிலரிடம் உப்புநீரால் மூக்கைக் கழுவவும், சிலரிடம் இரண்டையும் செய்யவும், சிலரிடம் இரண்டும் வேண்டாம் என்றும் சொல்லி மாதக்கணக்கில் கவனித்தார்கள். ஆவி பிடித்தவர்களுக்குத் தலைவலி கொஞ்சம் குறைந்தது, மற்ற எதிலும் சொல்லும்படி மாற்றமில்லை. உப்புநீரால் கழுவியவர்களுக்குத் தொல்லை குறைந்தது, கடையில் மாத்திரை வாங்குவதும் குறைந்தது. பலன் பிரமாதம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் இந்த இரண்டுக்கும் நடுவே போட்டி என்றால் ஜெயித்தது உப்புநீர்தான்.

ஆவியின் ஆபத்து நோயில் இல்லை, அண்டாவில் இருக்கிறது. தரையில் கொதிநீர்ப் பாத்திரம், அதைச் சுற்றிச் சம்மணம் போட்டு உட்கார்ந்த பிள்ளை, மேலே இருட்டாகப் போர்வை. மூச்சுமுட்டிப் பிள்ளை ஒரு திமிறு திமிறினால் தண்ணீர் முழுதும் மடியில். தீக்காயப் பிரிவுகளுக்கு இப்படித் தொடை வெந்து வரும் குழந்தைகள் உலகம் முழுக்க உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு ஆவி வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. பெரியவர்கள் பிடிக்கலாம். அடி அகலமான பாத்திரத்தை மேசை மேல் வையுங்கள், கொதி அடங்கிய பிறகு தலையில் துண்டு போடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் போதும். நொச்சி இலை போடுவதில் தவறில்லை, வாசமாக இருக்கும். தைலம் சேர்த்தால் இரண்டு சொட்டோடு நிறுத்துங்கள், அதன் ஆவி கண்ணை எரிக்கும்.

தைலம் என்றதும் ஒன்று. ஊட்டிக்குப் போனவர்கள் எல்லாரும் ஒரு பாட்டில் யூகலிப்டஸ் எண்ணெய் வாங்கி வந்து, பிள்ளையின் கைக்கு எட்டும் அலமாரியில் வைத்துவிடுகிறோம். அது வயிற்றுக்குள் போனால் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம், மயக்கம் வரலாம். கற்பூரமும் அப்படியே. சளிக்கென்று கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிக் கைக்குழந்தையின் மார்பில் தேய்க்கும் வழக்கத்தைக் குழந்தை மருத்துவர்கள் தொடர்ந்து எச்சரிக்கிறார்கள், தோல் வழியாகவே அது உள்ளே இறங்கும் என்பதால். கடையில் விற்கும் கற்பூரக் களிம்புகளிலும் இரண்டு வயதுக்குக் கீழே வேண்டாம் என்றுதான் போட்டிருக்கும். மூக்குத் துவாரத்துக்குள் தடவுவது எந்த வயதிலும் கூடாது.

உப்புநீர்: நல்ல வழி, ஒரே ஒரு நிபந்தனை

ஜலநேத்தி யோகப் பள்ளிகளில் நெடுங்காலமாக இருப்பது. இன்று மூக்கு மருத்துவர்களும் அதையே பிளாஸ்டிக் பாட்டிலில் செய்யச் சொல்கிறார்கள். ஒவ்வாமையால் வரும் மூக்கடைப்பு, நாள்பட்ட சைனஸ், சைனஸ் அறுவைக்குப் பிந்திய பராமரிப்பு எல்லாவற்றிலும் இதற்கு இடமுண்டு. கெட்டிச் சளியையும் தூசையும் மகரந்தத்தையும் நேராகக் கழுவிவிடுகிறது, அவ்வளவுதான். மந்திரம் ஒன்றும் இல்லை.

நிபந்தனை தண்ணீரில் இருக்கிறது. 2011ல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இரண்டு பேர் குழாய்த் தண்ணீரை அப்படியே நேத்திக் கிண்டியில் ஊற்றி மூக்கைக் கழுவி, மூளை தின்னும் அமீபா தொற்றி இறந்தார்கள். நெக்லேரியா என்று பெயர். குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கின் கூரை வழியாக ஏறினால்தான் மூளைக்குப் போகும். 2024ல் கேரளத்தில் குளத்தில் குளித்த பிள்ளைகள் அமீபா மூளைக்காய்ச்சலால் இறந்த செய்தி நினைவிருக்கும். அங்கும் வழி மூக்குதான். மிக அரிதான தொற்று, ஆனால் வந்தால் பிழைப்பவர்கள் வெகு சிலர். அந்த ஆபத்தைத் தண்ணீர் கொதிக்கும் ஒரு நிமிடத்தில் இல்லாமல் ஆக்கலாம் என்னும்போது சோம்பல்படக் கூடாது.

ஆர்.ஓ. தண்ணீர், கேன் தண்ணீர் எல்லாம் சுத்தமானதுதானே என்று கேட்பார்கள். குடிக்கச் சுத்தம், மூக்கில் ஏற்ற அது போதாது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்து, மூடி ஆறவிட்டதைத்தான் எடுக்க வேண்டும். சுமார் 2,000 மீட்டருக்கு மேல் உள்ள ஊர்களில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், அதனால் ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். உப்பு, லிட்டருக்கு 9 கிராம். அரை லிட்டருக்குச் சமையலறை டீஸ்பூனில் தலைதட்டி முக்கால் அளவு வரும். ஒரு சிட்டிகை ஆப்பசோடா சேர்த்தால் எரிச்சல் குறையும். உப்பே போடாத தண்ணீர்தான் சுருக்கென்று உச்சிக்கு ஏறும். முதல் தடவை வெறும் தண்ணீரில் செய்துவிட்டு ‘இது எனக்கு ஒத்துவராது’ என்று விட்டவர்கள் நிறையப் பேர்.

கழுவும் விதம் இதுதான். வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து வாயாலேயே மூச்சு விட்டுக்கொண்டு, வெதுவெதுப்பான நீரை மேல் துவாரத்தில் மெதுவாக ஊற்ற வேண்டும். கொஞ்ச நேரத்தில் கீழ்த் துவாரம் வழியாக ஒழுகும். தொண்டைக்கு வந்தால் துப்பிவிடலாம். அடுத்த பக்கமும் அப்படியே. முடிந்ததும் முன்னால் குனிந்து, ஒரு துவாரத்தை மட்டும் மெதுவாகச் சிந்துங்கள். இரண்டையும் அழுத்திப் பிடித்துப் பலமாகச் சிந்தினால் தண்ணீர் காதுக்குப் போய் அடைத்துக்கொள்ளும். மூக்கு முழுக்க அடைத்துக் காற்றே போகாதபோதும், காது வலி இருக்கும்போதும் செய்ய வேண்டாம். கிண்டியைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைப்பதும் சிகிச்சையில் சேர்த்தி. இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்கள் மருந்துக்கடையில் உப்புநீர் ஸ்பிரே வாங்கிக்கொள்ளலாம். அவ்வளவு நன்றாகக் கழுவாது, ஆனால் தண்ணீர்க் கவலை இல்லை.

மற்றவை, சுருக்கமாக

சுக்கு, மிளகு, தூதுவளை ரசம், பாலில் மஞ்சள் மிளகு: தாராளமாகச் சாப்பிடுங்கள். சூடாக உள்ளே போகும் எதுவும் சளியை இளக்கித் தொண்டையை இதமாக்கும். சைனஸைத் திறந்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

நெற்றிப் பற்று, நீர்க்கோவை மாத்திரையை உரைத்துப் பூசுவது: தோலோடு நிற்பதால் பெரிய ஆபத்தில்லை. எரிச்சலே மருந்து என்று இரவெல்லாம் விட்டுவைத்தால் தோல் கன்றிக் கறுத்துவிடும். புருவத்துக்குக் கீழே இறங்க விடக் கூடாது, வியர்வையோடு கண்ணுக்குள் வழியும்.

விரலி மஞ்சளை விளக்கில் கருக்கிப் புகை இழுப்பது எனக்குச் சம்மதமில்லை. உடனே மூக்கு ஒழுகும், ‘நீர் இறங்குகிறது’ என்று தோன்றும். புகை பட்ட எரிச்சலில் சவ்வு அழுகிறது, அதுதான் ஒழுக்கு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்தப் புகையே இழுப்பைக் கிளப்பிவிடும். ஈரத்தலைக்குச் சாம்பிராணி போடும்போது கைக்குழந்தையையும் அந்தப் புகையில் காட்டுவது இதே வகை.

மூக்கில் எண்ணெய் விடும் நசியம் பெரியவர்களுக்கு, தேர்ந்த சித்த, ஆயுர்வேத மருத்துவர் பார்த்துச் சொன்னால், அவர் சொன்ன அளவில். தலைக்கு ஊற்றும்போது பச்சிளம் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதும் வழக்கத்தை மட்டும் அடியோடு விட வேண்டும். அந்த எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி ஒருவகை நிமோனியா வரும். எண்ணெய் இருமலைத் தூண்டாது, அதனால் இறங்குவதே வெளியில் தெரியாது. நம் ஊர்க் குழந்தை மருத்துவர்கள் நன்றாக அறிந்த நோய் இது.

இயற்கை வேண்டாம் என்று மருந்துக்கடைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு குழி இருக்கிறது. ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் சொட்டுகள் விட்ட சில நிமிடத்தில் மூக்கைத் திறக்கும். அந்தச் சுகத்தில் ஐந்து நாளைத் தாண்டி விட்டுக்கொண்டே போனால், மருந்து இறங்கியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். அதற்கு மறுபடி சொட்டு. வருடக்கணக்கில் சட்டைப்பையில் அந்தக் குப்பியோடு திரிகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று நாள், மிஞ்சிப்போனால் ஐந்து நாள், அவ்வளவுதான். ஒவ்வாமையால் வருடம் முழுக்கத் தும்மல், அடைப்பு என்றால் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேதான் கைகொடுக்கும். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம். ஆனால் பலன் தெரிய ஒன்று இரண்டு வாரம் ஆகும் என்பதால் இரண்டாம் நாளே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எதை எடுக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது

மூடிய இமையின் மேல் வைப்பது வேறு, இமைக்குள் விடுவது வேறு. முதலாவதில் பெரும்பாலானவற்றுக்குப் பச்சைக்கொடி காட்டலாம். இரண்டாவதில் சமையலறையிலிருந்தும் பூஜையறையிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் எதுவும் போகக் கூடாது. சுத்தமான பசும்பாலோ செக்கு எண்ணெயோ என்பது இங்கே பேச்சே இல்லை. கிருமி நீக்கப்பட்டதா என்பதுதான் பேச்சு.

2023ல் நடந்ததைப் பார்த்தால் புரியும். சென்னைக்குப் பக்கத்தில் ஓர் ஆலையில் தயாராகி அமெரிக்காவுக்குப் போன செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தோடு, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாத் தொற்றை அந்நாட்டு அதிகாரிகள் தொடர்புபடுத்தினார்கள். 81 பேருக்குத் தொற்று, 14 பேருக்குப் பார்வை இழப்பு, 4 பேர் இறந்தார்கள். ஆலையில் சீல் வைத்து வருகிற பொருளிலேயே கிருமி நுழைந்தால் இந்தக் கதி என்றால், அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் திறந்துகிடக்கும் தேன் பாட்டிலை என்னவென்று சொல்வது?

விளக்கெண்ணெய்க்காரர்கள் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்பார்கள். கண் வறட்சிக்கு மருத்துவர் எழுதும் சில சொட்டுகளிலேயே விளக்கெண்ணெய் இருக்கிறதே? இருக்கிறது. கண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் போட்டு அது ஆவியாவதைத் தடுக்கிறது, அந்த யோசனை சரியானதே. அந்த எண்ணெய் சுத்திகரித்து, நீரோடு நுண்துளியாகக் கலந்து, கிருமி நீக்கிக் குப்பியில் அடைக்கப்பட்டது. விளக்குக்கு ஊற்றும் பாட்டிலில் இதில் எதுவும் நடக்கவில்லை. கணினி, போன் பார்த்துக் கண் உலர்ந்தால், வெதுவெதுப்பான ஒத்தடம், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தூரத்தில் பார்ப்பது, வேண்டுமென்றே கண்ணை முழுதாகக் கொட்டுவது, அதற்கும் அடங்காவிட்டால் கடைச் செயற்கைக் கண்ணீர். இந்த வரிசையில் போங்கள்.

கண்கட்டிக்கு நம் வீட்டு வைத்தியம் உண்மையிலேயே முதல்தர வைத்தியம். இமை விளிம்பில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியின் வாய் அடைத்துத்தான் கட்டி வருகிறது. சூடு பட்டால் உள்ளே உறைந்தது இளகி வெளியேறும். மோதிரத்தைத் தேய்த்துச் சூடாக்கி ஒற்றுவதும், உள்ளங்கையைத் தேய்த்து வைப்பதும் அதே தத்துவம், சூடுதான் போதாது. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கண்ணை மூடி, பத்து நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. ஆறினால் மறுபடி நனைக்க வேண்டும். கட்டியைக் கிள்ளவோ ஊசியால் குத்தவோ வேண்டாம். நாமக்கட்டிக் குழைவு வெளியே தடவினால் தடவிக்கொள்ளுங்கள், கண்ணுக்குள் போகாமல்.

மெட்ராஸ் ஐ வந்தால் நேர் எதிர்: குளிர்ந்த ஒத்தடம். பெரும்பாலும் அடினோ வைரஸ். ஒரு வாரம் முதல் இரண்டு வாரத்தில் போய்விடும், ஆன்டிபயாடிக் சொட்டுக்கு அது கட்டுப்படாது. 2022 நவம்பரில் தமிழ்நாடு முழுக்கப் பரவியபோது எல்லாரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். பார்ப்பதால் அது ஒட்டாது. கை, துண்டு, தலையணை உறை வழியாகத்தான் ஒட்டும். கண்ணாடி போட்டால் கண்கூச்சம் குறையும், கண்ணைத் தொடும் பழக்கமும் கொஞ்சம் அடங்கும், அந்த மட்டில் நல்லது. நந்தியாவட்டைப் பூவை மூடிய கண்மேல் வைத்துக்கொள்வது குளிர்ச்சிதான், கழுவிய பூவாக இருக்கட்டும், காம்பில் வரும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூவைக் கசக்கிச் சாறு விடுவது வேண்டாம்.

இந்த இடத்தில் கைவைத்தியத்தைவிட எனக்குப் பயம் மருந்துக்கடைச் சொட்டு மேல். ‘கண் சிவந்திருக்கு, ஏதாவது குடுங்க’ என்றால் பல கடைகளில் கைக்கு வருவது டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்த குப்பி. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது. மறுநாளே சிவப்பு மறையும், அதனால் கெட்டிக்கார மருந்து என்று பெயர் வாங்கிவிடும். சிவப்புக்குக் காரணம் அக்கி வைரஸாகவோ பூஞ்சையாகவோ இருந்தால், எதிர்த்து நிற்கும் படையைக் கலைத்துவிட்டுக் கிருமிக்குக் கதவைத் திறந்ததாகிவிடும். மாதக்கணக்கில் விட்டால் கண்ணழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு போகும், புரை விழும். பன்னீர் பாட்டிலுக்கும் இதற்கும் நடுவே தேர்ந்தெடு என்றால் இரண்டையும் வைத்துவிட்டு வா என்பேன்.

தாய்ப்பாலைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாட்டிமார் விடமாட்டார்கள். அதில் நோயெதிர்ப்புப் பொருள்கள் இருப்பது உண்மை. குழந்தைக்கு அது வயிற்றுக்குப் போகட்டும். பிறந்த சில நாளில் கண்ணில் பீளை தள்ளினால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, கண்ணீர் வடியும் குழாயின் முனை இன்னும் திறக்காதது. கண்ணோரத்தில் மூக்குப்பக்கம் விரலால் மெல்ல அழுத்திக் கீழ்நோக்கி நீவச் சொல்லிக் கொடுப்பார்கள். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் சரியாகிவிடும். மற்றொன்று, பிறக்கும்போது தொற்றிய கிருமி. சிலவகை, ஒன்றிரண்டு நாளில் கருவிழியைத் துளைத்துவிடும். இமை வீங்கிச் சீழ் கொட்டினால் அன்றைக்கே மருத்துவமனை. இரண்டும் ஆரம்பத்தில் ஒரே மாதிரி தோன்றலாம் என்பதால் வீட்டில் காத்திருப்பதே இதில் தப்பு.

பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை சாப்பிட்டால் கண்ணுக்கு நல்லது. வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அது பேச்சுக்கு இடமில்லாத பலன். கண்ணாடியைக் கழற்ற வைக்காது, கிட்டப்பார்வை கண்கோளம் நீண்டு போனதால் வருவது. கீரையால் கோளம் சுருங்குமா?

வயற்காட்டுத் தூசியும் சுண்ணாம்பும்

மதுரை மாவட்டத்தில் 1990களில் கணக்கெடுத்தபோது, ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப்புண் வருவதாகத் தெரிந்தது. அமெரிக்காவின் ஒரு பகுதியில் எடுத்த கணக்கைப் போலப் பத்து மடங்கு. பாதிக்கப்பட்டவர்களில் பலர் விவசாயக் கூலிகள், பாதியளவு புண்ணுக்குக் காரணம் பூஞ்சை. கதிர் அறுக்கும்போது தாள் கீறும், நெல்லுமி தெறிக்கும், கரும்புச் சோகை குத்தும். அந்தக் கீறலிலேயே பூஞ்சை வித்து உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மேல் நாக்கால் தூசு எடுப்பது, இலைச்சாறு பிழிவது, விளக்கெண்ணெய் விடுவது என்று நடக்கும்போது இருக்கிற கிருமியோடு புதியதும் சேரும். எருக்கம்பால் போன்ற செடிப்பால் தானாகவே கருவிழியைப் புண்ணாக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம், அந்த மூன்று நான்கு நாள் வீணாவது.

ஆக, கண்ணில் செடிப்பொருள் பட்டால்: கசக்காமல் சுத்தமான நீரால் கழுவிவிட்டு, உறுத்தல் நின்றாலும் மறுநாள் கண்ணில் வலியோ கூச்சமோ மங்கலோ இருந்தால் நேரே கண் மருத்துவமனை. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு இந்தக் காத்திருப்புகூட இல்லை. கண் சிவந்தால் லென்ஸைக் கழற்று, அன்றே காட்டு. குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவினால் அமீபா வரலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டுத் தண்ணீரே சிறந்த மருந்தாகும் சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிள்ளை கையில் வைத்து அமுக்கும்போது வெடித்துக் கண்ணில் அடிக்கும். கார ரசாயனம் நொடிக்கு நொடி உள்ளே இறங்கும். அப்போது கொதிக்க வைத்த நீரைத் தேடாதீர்கள், நெய்யும் பாலும் ஊற்றாதீர்கள். கிடைக்கிற சுத்தமான குழாய்த் தண்ணீரைக் குறைந்தது இருபது நிமிடம், இமையை விரித்துப் பிடித்து விடாமல் ஊற்றுங்கள். மேலிமைக்கு அடியில் சுண்ணாம்புத் துணுக்கு ஒட்டியிருக்கும், அதையும் கழுவித் தள்ள வேண்டும். பிறகுதான் ஆட்டோ பிடிப்பது.

மூக்கு கண்ணுக்குத் தாவும்போது

கண்குழிக்கும் சைனஸ் அறைக்கும் நடுவில் இருக்கும் எலும்பு காகித கனம்தான். சைனஸில் சீழ் பிடித்தால், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, அது சுவர் தாண்டிக் கண்குழிக்குள் போகும். சளியோடு இருந்த பிள்ளைக்கு ஒரு பக்கக் கண் வீங்கி, கண்ணை அசைத்தால் வலி, காய்ச்சல் என்றால் பற்றுப்போடும் நேரம் அதுவல்ல. சர்க்கரை நோயாளிகளுக்கு 2021ல் கறுப்புப் பூஞ்சை வந்ததும் இந்த வழியாகத்தான், மூக்கில் தொடங்கிக் கண்ணுக்கு ஏறியது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு ஒரு பக்க முகவலி, மூக்கில் கறுப்புப் பொருக்கு, இரட்டைப் பார்வை எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

இன்னொன்று வேஷம் போட்டு வரும். நெற்றி வலி, வாந்தி, கண் சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். சைனஸ் என்று ஆவி பிடிப்பார்கள், பித்தம் என்று இஞ்சிச்சாறு குடிப்பார்கள். கண்ணழுத்தம் திடீரென்று ஏறும் கிளாக்கோமாவாக இருக்கலாம், சில மணி நேரம்தான் கெடு. அடைப்புக்கென்று கடையில் விற்கும் சில சளி மாத்திரைகளே, கண்ணின் வடிகால் குறுகலாக உள்ளவர்களுக்கு இதைத் தூண்டிவிடும். ரத்த அழுத்தத்தையும் ஏற்றும்.

அவசரமில்லாத சைனஸுக்கு ஒரு கெடு வைத்துக்கொள்ளலாம். பத்து நாள் தாண்டியும் குறையவில்லை, அல்லது குறைந்து வந்தது திரும்பவும் காய்ச்சலோடு ஏறுகிறது என்றால் மருத்துவர். சளி பச்சையாக இருப்பது மட்டும் ஆன்டிபயாடிக்குக் காரணமாகாது. ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு ஒழுகினால் மேல்பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள், வேர் அழுகல் சைனஸுக்குள் வடிவது உண்டு.

கண் மருத்துவமனைக்குப் போகும்போது, எழும்பூர் அரசு கண் மருத்துவமனையானாலும் மாவட்டத் தலைமை மருத்துவமனையானாலும், வீட்டில் எதை விட்டீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள் என்று மறைப்பவர்கள்தான் அதிகம். கடைச் சொட்டானால் குப்பியையே கையில் எடுத்துப் போங்கள், இலைச்சாறானால் எந்தச் செடி என்று சொல்லுங்கள். புண்ணிலிருந்து சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பூஞ்சை என்றால் நட்டாமைசின் சொட்டை மணிக்கு மணி விட்டு, வாரக்கணக்கில் விடாமல் தொடர வேண்டியிருக்கும். ஸ்டீராய்டு சொட்டு ஏற்கெனவே விட்டிருந்தால் புண் வெளித் தோற்றத்தில் சாதுவாகத் தெரியும். நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.